நடைபாதையில் முளைத்த பச்சைப்பயறு

ஏழாம் அத்தியாயம்

ஸ்டானிஸ்லாஸுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது அவருடைய தொப்பிதான். கழற்றி மேசையில் ஓங்கி ஒரு சாத்து சாத்துவார். அன்று காலை எட்டு மணிக்குள்ளேயே அந்த வாயில்லாத தொப்பி மூன்று தடவை அடி வாங்கிவிட்டது. நாலாவது அடிக்குத் தாங்காது என்று நாகையா அதை மெல்ல எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

பத்து வருஷம் போலீஸ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஸ்டானிஸ்லாஸ். கூண்டில் ஏறியவன் எல்லாம் சொன்ன பொய்யை வாய் வலிக்க இங்கிலீஷில் திருப்பிச் சொல்லி அலுத்துப்போய், வேலையை உதறிவிட்டு வந்தார். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து துப்பறிகிறார். நாகையா முன்பு மாட்டுவண்டி ஓட்டியவன். மாடு செத்த பிறகு இவரிடம் வந்து சேர்ந்தான். மாடாவது சொன்னால் கேட்கும் என்பது அவனுடைய தீராத குறை.

எதிரே நின்றவள் பவுனம்மாள். ரோட்டு வேலைக் கூட்டத்தில், கொட்டிய மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டை பிடிக்கிறவள். உள்ளங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்திருந்தன. அவள் புருஷன் கன்னையா அந்தக் கூட்டத்தை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர். நேற்றிலிருந்து போலீஸ் லாக்கப்பில் இருக்கிறான்.

நடந்தது இதுதான். கோயிலுக்குப் போகும் வீதியில் தண்ணீர்க் குழாய் பதிக்க, நடைபாதையை ஒட்டி மூன்றடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். குழாயைப் போட்டுத் தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை கன்னையாவின் கூட்டம் மண்ணை மூடி, ஜல்லி பரப்பி, வேலையை முடித்தது. பூசம் கழிந்து ஆறாம் நாள் காலையில் மருத்துவச்சி வெரோனிகா ஒரு பிரசவத்துக்கு ரிக்‌ஷாவில் அவசரமாகப் போனாள். ரோடு வாயைத் திறந்தது. சக்கரம் உள்ளே போனது. வெரோனிகாவின் வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. இனி அந்தக் கால் நேராக நடக்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாதி பிரிக்பீல்ட்ஸை உலகத்துக்குக் கொண்டுவந்தவளுக்கு இந்த உலகம் கொடுத்த கூலி அது.

கன்னையா மண்ணை இடிக்காமல் அள்ளிக் கொட்டி மூடிவிட்டான் என்று அன்றைக்கே ஓவர்சியர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட். குற்றம் நிரூபணமானால் ஜெயில். ஜெயிலுக்குத் தப்பினாலும் வேலை போய், கூலி லயத்து வீடு போய், அடுத்த கப்பலில் நாகப்பட்டினம். இரண்டு பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து கப்பலையே பார்த்ததில்லை.

பவுனம்மாள் அழவில்லை. அழுகிற கட்டத்தையெல்லாம் தாண்டி வந்திருந்தாள்.

"ஒரு சாண் மண்ணு, ஒரு கொடம் தண்ணி, அறுவது இடி. அப்பறந்தான் அடுத்த சாண். அப்படி நாலு அடுக்கு. நானும் நல்லம்மாளும் எண்ணி எண்ணி இடிச்சோம். என் ரெண்டு புள்ளையையும் எடுத்த கை ஐயா அந்தம்மா கை. அவங்க காலை ஒடிச்சவன் பொண்டாட்டின்னு தெருவே என்னைப் பாக்குது."

இன்னொன்றும் சொன்னாள். இன்று நடுப்பகலுக்கு நீராவி உருளை வருகிறதாம். பள்ளத்தில் கல்லைக் கொட்டி, மேலே உருளையை ஓட்டி ரோட்டைச் சரி செய்துவிடுவார்களாம். ஓவர்சியரின் உத்தரவு.

ஸ்டானிஸ்லாஸ் தொப்பியைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்கையால் மேசையை அடித்தார்.

"ரெண்டு வருஷமா இந்த ஊர்லே எந்தப் பள்ளத்தையாவது ரெண்டே நாள்ல மூடியிருக்கானுங்களா நாகையா?"

"நம்ம வாசல் பள்ளத்துலே தவளை மூணு தலைமுறை பாத்திருச்சுங்க ஐயா" என்றான் நாகையா.

"அப்போ இதை மட்டும் ஏன் ஓடி வந்து மூடுறான்? கெளம்பு."

பள்ளம் வண்டிச் சக்கரம் அகலத்துக்குப் பிளந்து கிடந்தது. சுற்றி ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. ஒரு மருத்துவச்சி விழுந்தது போதாதென்று இன்னும் யாருக்காகவோ காத்திருந்தது அந்தப் பள்ளம். இதைப் பார்த்துக்கொண்டே எத்தனை பெரிய மனிதர்கள் காலையில் சாமி கும்பிடப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது ஸ்டானிஸ்லாஸுக்குக் காதெல்லாம் சுட்டது.

தன் கைத்தடியைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஊன்றி அழுத்தினார். சோற்றில் கரண்டி இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கியது. நடைபாதை ஓரமாகப் பத்தடி தள்ளி ஊன்றினார். அங்கேயும் இறங்கியது. இருபதடி தள்ளி ஊன்றினார். தடி வளைந்ததே தவிர ஓர் அங்குலம் இறங்கவில்லை. நாகையா ஏறி நின்று குதித்துப் பார்த்தான். அவன் பல்தான் ஆடியது.

"ஒரே கூட்டம், ஒரே சனிக்கிழமை, ஒரே குழி. மத்த இடமெல்லாம் கருங்கல்லு, இந்த இருபது அடி மட்டும் களியா?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

இந்த இருபதடியை யாரோ மறுபடி திறந்து மூடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கோர்ட்டில் அது செல்லாது. அந்த இருபதடிக்கு மட்டும் சோம்பல் பட்டுவிட்டார்கள் என்று எதிர்க்கட்சி ஒரே வாயில் ஊதித் தள்ளிவிடும். மூடிய பிறகுதான் திறந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். மண்ணைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து இஞ்சினியர் துரை இறங்கினார். முன் சீட்டிலிருந்து இறங்கியவர் ஓவர்சியர் தம்புசாமி. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், காலில் முகம் பார்க்கலாம்போல் துடைத்த பூட்ஸ். பூசத்துக்கு முன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த மனிதர். பவுனம்மாளைப் பார்த்ததும் முகத்தை இளக்கிக்கொண்டு, கன்னையா குற்றத்தை ஒத்துக்கொண்டால் தானே துரையிடம் பேசித் தண்டனையைக் குறைக்கச் சொல்வதாகச் சொன்னார். அவர் குரல் அவ்வளவு தேனாக இருந்தது. பவுனம்மாள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

ஸ்டானிஸ்லாஸ் துரையிடம் இங்கிலீஷில் பேசினார். கோர்ட்டில் பத்து வருஷம் கேட்ட குரல், துரைக்குப் பழக்கம். உருளை ரயில் ஸ்டேஷன் பக்கமிருந்து நகர்ந்து வர அரை மணி ஆகும், அதுவரை பார்த்துக்கொள்ளலாம் என்றார் துரை. தம்புசாமிக்கு அது பிடிக்கவில்லை. பூட்ஸ் அப்படியும் இப்படியும் நடக்க ஆரம்பித்தது.

"ஓவர்சியர், ரோடு வேலைக்குச் சிவப்புக் கொடி உண்டே. ஆள் விழுந்த பள்ளத்துக்குப் பக்கத்துலே இப்பக்கூட ஒண்ணையும் காணோமே?"

தம்புசாமிக்கு இந்தக் கேள்வி இனித்தது. தன் ஒழுங்கைத் துரைக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? மண்டோர்களிடம் கொடியை விட்டு வைப்பதே இல்லை என்றார். நாலு கொடி, நாலுக்கும் நம்பர். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கன்னையா நாலையும் தன்னிடம் எண்ணிக் கொடுத்துவிட்டான், பெட்டியில் பூட்டியாயிற்று, சாவி தன் இடுப்பில். பள்ளம் விழுந்த பிறகு வந்து கொடி கேட்டிருக்க வேண்டியது மண்டோருடைய கடமை. அவன் கேட்கவில்லை.

"அவரு அப்போ லாக்கப்புலே இருந்தாருங்க" என்றான் நாகையா. "கம்பிக்கு நடுவுலே கையை நீட்டிக் கேட்டிருக்கணும்லா."

துரைக்காக ஸ்டானிஸ்லாஸ் ஓவர்சியர் சொன்ன அத்தனையையும் வரி விடாமல் மொழிபெயர்த்தார். நாலு கொடி, எண்ணி வாங்கியது, பூட்டியது, சாவி. தம்புசாமி தலையை ஆட்டி ஆமோதித்தார்.

இதற்குள் ஸ்டானிஸ்லாஸின் கண் வேறொன்றில் சிக்கிக்கொண்டது. தம்புசாமி பேசிக்கொண்டே நடைபாதையில் மூன்று தடவை போய் வந்தார். தெருவிளக்குக் கம்பம் வந்ததும், மூன்று தடவையும், காய்ந்த தரையை விட்டுச் சாக்கடையோரச் சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். முகம் பார்க்கலாம்போல் இருந்த பூட்ஸில் கணுக்கால்வரைக்கும் சேறு. மற்றவர்கள் எல்லாம் அந்தத் தரைமேல்தான் நடந்தார்கள். துரை நடந்தார், நாகையா நடந்தான், பவுனம்மாளும் நடந்தாள்.

நாகையாவை ஓரமாக இழுத்து அதைச் சொன்னார். நாகையா பார்த்தான். அவன் முகத்தில் கேலி போய்விட்டது.

"ஐயா, நீங்க மாதா கோயிலு. ஒங்களுக்குத் தெரியாது. செருப்புக் காலோட மிதிக்கப் பயப்படுறாரு. அங்கே சாமி சமாச்சாரம் ஏதோ இருக்கு."

ஸ்டானிஸ்லாஸ் கம்பத்தடிக்குப் போய்க் குனிந்தார். கம்பத்துக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில், மண்ணைப் பிளந்துகொண்டு நாலைந்து வெளிறிய முளை எட்டிப் பார்த்தது. இரண்டு இலை விரிந்து நின்றது ஒன்று. பச்சைப்பயறு. டவுன் நடுவில், தெருவிளக்குக்கு அடியில், யார் பயறு விதைத்தார்கள்?

பவுனம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் உட்கார்ந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். எந்த ரோட்டைத் தோண்டினாலும் மூடுவதற்கு முன்னால், குழாய் திரும்புகிற முக்கில், அடி மண்ணில் நவதானியம் முடிந்து வைப்பது அவர்கள் கூட்டத்து வழக்கம். பூமியைக் காயப்படுத்தியதற்குப் பரிகாரம். சனிக்கிழமையும் வைத்தார்கள். அவளுடைய பழைய சேலையில் கிழித்து, மஞ்சளில் நனைத்த துணி. குழாய் திரும்புகிற முக்கு இப்போது பள்ளம் விழுந்திருக்கும் இடம். மூன்றடி ஆழம். அதற்கு மேலே நாலு அடுக்கு, இருநூற்று நாற்பது இடி. மேலே வண்டி போனாலும் மாடு போனாலும் தோஷமில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு விதையும் முளைத்து வந்ததில்லை, வரவும் முடியாது.

"அப்போ இது இங்கே நடந்தா வந்திச்சு?" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"காவடி எடுத்துக்கிட்டு வந்திருக்கும்" என்றான் நாகையா. அவன் வாயை அடைக்க முடியாது.

ஆனால் சொன்னவன் சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டான். காவடி. பூசத்தன்று பிரிக்பீல்ட்ஸே காலி. கன்னையாவின் கூட்டம் மொத்தமும் முதல் ரயிலில் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டது. கன்னையா காவடி எடுத்தான், படியேறினான், ஊரே பார்த்தது. அன்று இந்த வீதியில் எது நடந்திருந்தாலும் கேட்க நாதி இல்லை.

தூரத்தில் உருளையின் புகை தெரிந்தது. தரை அதிர ஆரம்பித்தது. தம்புசாமி கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் துரையிடம் ஏதோ முணுமுணுத்தார்.

ஸ்டானிஸ்லாஸ் மண்வெட்டி கேட்டார். ஒருவரும் நகரவில்லை. பவுனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெறுங்கையாலேயே கம்பத்தடியைத் தோண்டினாள். நாலு விரல் ஆழம்தான் போயிருக்கும். கை ஒரு முடிச்சில் பட்டது. மண்ணைத் தட்டி வெளியே எடுத்தாள். துணியைத் துளைத்துக்கொண்டு பயறும் எள்ளும் நெல்லும் வேர் விட்டிருந்தன. உள்ளே அவளுடைய மஞ்சள் துணி கடப்பாரைக் குத்தில் கிழிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் புதிதாக இன்னொரு துணி. அது மஞ்சள் இல்லை.

சிவப்பு.

ஒரு பக்கம் கம்பு நுழைக்கத் தைத்த மடிப்பு அப்படியே இருந்தது. மடிப்புக்குப் பக்கத்தில் கறுப்புச் சாயத்தில் நாலு என்று இங்கிலீஷ் எண்.

ஸ்டானிஸ்லாஸ் துரையின் பக்கம் திரும்பினார். நாலு கொடியும் சனிக்கிழமை யாரிடம் போனது, யார் பூட்டினார், சாவி யார் இடுப்பில் என்று சற்று முன்னால் ஓவர்சியர் சொன்னதைத் துரைக்கு நினைவூட்டினார். துரை பெட்டியைத் திறக்கச் சொன்னார். காரின் பின்னால் இருந்த பெட்டியில் மூன்று கொடிதான் இருந்தது.

தம்புசாமி சிரிக்க முயன்றார். எவனாவது கூலிக்காரன் திருடியிருப்பான் என்றார். ஸ்டானிஸ்லாஸ் அந்த முடிச்சை வாங்கித் தம்புசாமியின் பூட்ஸுக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"திருட்டுத் துணிதானே. காலாலே சாக்கடையிலே தள்ளிவிடுங்க ஓவர்சியர். நான் நம்பறேன்."

தம்புசாமியின் கால் எழவில்லை. வலது கால் கொஞ்சம் முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. விபூதிப் பட்டையின் மேல் வேர்வை இறங்கியது. பிறகு அந்தப் பெரிய மனிதர் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடைபாதையில் உட்கார்ந்து கைகூப்பினார்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. குழாயின் இணைப்பைத் தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகுதான் மூட வேண்டும் என்பது சட்டம். அவர் சோதிக்கவே இல்லை, சோதித்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கசிகிறதென்று தெரிந்தது. துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். பூசத்தன்று ஊர் காலியானதும் வெளியூர்க் கூலிகள் நாலு பேரை வைத்துத் திறந்து, இணைப்பை முடுக்கி, எல்லா மண்ணையும் ஒரே கொட்டாகக் கொட்டி மூடினார். இடிக்க நேரமில்லை, சத்தமும் ஆகாது. நடுவில் கடப்பாரை முடிச்சைக் கிழித்துவிட்டது. தெய்வ குற்றம் ஆகிவிடுமே என்று நடுங்கிப்போய், கைக்குக் கிடைத்த துணியில் மறுபடி முடிந்து, வண்டிச் சக்கரம் படாத இடமாகப் பார்த்துக் கம்பத்தடியில் கற்பூரம் காட்டிப் புதைத்தார். கைக்குக் கிடைத்த துணி கொடி.

பவுனம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள். மண் ஒட்டிய கையை இறுக்கி மூடியிருந்தாள். அடித்துவிடுவாளோ என்று நாகையா ஓரடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை.

"சாமி மேலே கால் படக் கூடாதுன்னு சேத்துலே எறங்கி நடந்தீங்க ஓவர்சியரையா. அந்தச் சாமிக்குப் போத்தின துணியைப் பள்ளத்துப் பக்கத்துலே ஒரு குச்சியிலே கட்டி வச்சிருந்தா, எங்க மருத்துவச்சியம்மா ரெண்டு காலோட நடந்து போயிருப்பாங்க. எம் புருஷன் வீட்டுலே சோறு தின்னுக்கிட்டிருப்பாரு."

தம்புசாமியைப் பார்க்க ஸ்டானிஸ்லாஸுக்கு இரக்கம் ஒரு துளியும் வரவில்லை. கெட்டவன் கடவுளுக்குப் பயப்படாதவனாக இருந்துவிட்டால் அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கடவுளுக்கு மட்டும் பயந்து மனுஷனுக்குப் பயப்படாத கூட்டத்தை என்ன செய்வது?

துரை தன் புகையிலைப் பைப்பைத் தட்டிவிட்டு, விஷயம் இவ்வளவு தூரம் போனது வருத்தம்தான் என்றார். மண்டோரை நாளை விடச் சொல்வதாகவும், மற்றதை ஆபீசுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம் என்றும், இப்போது ரோட்டை மூடட்டும் என்றும் சொன்னார். ஸ்டானிஸ்லாஸ் அசையவில்லை. நாளை இல்லை, இன்று. வாயால் இல்லை, எழுத்தில். கொடியும் முளையும் தன் கையில் இருப்பதாகவும், நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட் திறக்கும் என்றும் அமைதியாக இங்கிலீஷில் சொன்னார். துரை நோட்டுப்புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாகையா தொப்பியை எஜமான் தலையில் வைத்துவிட்டு, தாளை வாங்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

உருளை வந்து சேர்ந்தது. கூடவே வந்த கல் லோரியின் பின்கதவு திறந்தது. கல்லைக் கொட்டி உருட்டிவிட்டால் மேலே அழகாக இருக்கும், அடியில் மறுபடி பள்ளம்தான். பவுனம்மாள் மூன்று கொடியையும் எடுத்துப் பள்ளத்தைச் சுற்றி நட்டாள். தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, முளைவிட்ட தானியத்தை மறுபடி முடிந்தாள். பிறகு குழிக்குள் இறங்கி நின்றுகொண்டாள். கல் கொட்ட வேண்டுமென்றால் அவள் மேல்தான் கொட்ட வேண்டும். இதற்குள் விஷயம் லயத்துக்குப் போய், நல்லம்மாள் திமிசுக்கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பெண் என்ன செய்கிறாள், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஸ்டானிஸ்லாஸைக் கேட்டார். ஸ்டானிஸ்லாஸ் அதைத் தமிழில் கேட்டார்.

"களியாக் கெடக்குற இந்த மண்ண பூரா வெளியே அள்ளணும்" என்றாள் பவுனம்மாள். "அப்பறம் நாலு அடுக்கு. இருநூத்தி நாப்பது இடி. அவரையும் நின்னு எண்ணச் சொல்லுங்க."

பத்து வருஷம் பிறத்தியார் பொய்யை மொழிபெயர்த்த வாய் அது. ஸ்டானிஸ்லாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் துரையிடம் சொன்னார்.